ஏ9 வீதியை மட்டும் நம்பி வளரும் கிளிநொச்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

நகரங்கள் கண்டபடி பரவி வளர்வது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொழும்பின் புறநகரையும் வெளிநாடுகளையும் பற்றித்தான் அதிகம் எழுதியிருந்தார்கள். வன்னியில் ஏது நகரம் என்று நினைத்தார்களோ தெரியாது. ஆனால் அதில் சொன்னது கிளிநொச்சியில் எங்கள் கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது.

பரந்தனிலிருந்து முறிகண்டிப் பக்கம் போகும்போது பாருங்கள், கண்டி வீதி என்று நாங்கள் சொல்லும் ஏ9 வீதியின் இருபுறமும் காணித் துண்டுகள் விலைப்படுகின்றன. ஓர் ஏக்கரையோ இரண்டு ஏக்கரையோ வாங்குகிறவர் நடுவில் ஓர் ஒழுங்கை போட்டு, இரண்டு பரப்பு, மூன்று பரப்பாகப் (பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்) பிரித்து விற்கிறார். ஒழுங்கை கடைசிக் காணியின் மதிலோடு நின்றுவிடும். அந்த மதிலுக்கு மறுபக்கம் வேறொருவர் போட்ட ஒழுங்கையும் அப்படியே வந்து முட்டி நிற்கும். முதுகோடு முதுகாக இருக்கும் இரண்டு வீட்டுக்காரர் ஒருவரையொருவர் பார்க்க வேண்டுமென்றால் கண்டி வீதிக்கு ஏறி, சுற்றி வரவேண்டும்.

பெரியவர்களுக்கு இது அலைச்சல். சைக்கிளில் ரியூசனுக்குப் போகும் பிள்ளைகளுக்கோ ஆபத்து. உள்ளால் போக வழியில்லாததால் கொழும்பு பஸ்களோடும் டிப்பர்களோடும் அவர்களும் அதே வீதியில் ஓடுகிறார்கள். போதாக்குறைக்கு ரயில் பாதையும் ஏ9க்குச் சமாந்தரமாகவே போகிறது. குறுக்கே கடக்கக் கடவைகள் கொஞ்சம்தான், அவற்றிலும் எல்லாவற்றுக்கும் படலை இல்லை. இராணுவ முகாம் வேலி பாதையை மறித்து நிற்கும் இடங்களும் உண்டு. அது வேறு கதை, வேறு கடிதம்.

பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே உலக அளவில் அளந்திருக்கிறார்கள். ஒரு சந்தியில் எத்தனை வீதிகள் கூடுகின்றன, எத்தனை வீதிகள் முட்டி நிற்கின்றன, பக்கத்து இடத்துக்குப் போக எவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது என்று பார்த்தார்கள். அமெரிக்காவில் புதிய வீதிகள் ஒன்றோடொன்று இணையாமல் போகும் போக்கு 1990களின் நடுப்பகுதியில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கத் தொடங்கியது என்பது 2015இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. 2020இல் வந்த ஆய்வோ, 1975க்குப் பிறகு உலகின் பெரும்பகுதி எதிர்த்திசையில் போகிறது என்கிறது. வீட்டை இடித்துக் கட்டலாம், ஆனால் ஒருமுறை போட்ட வீதி லேசில் மாறாது. அவர்களுடைய கவலை அதுதான். அமெரிக்கா கைவிட்டதை நாங்கள் ஏன் பொறுக்கி எடுக்கிறோம்?

இத்தனைக்கும் எங்கள் பழைய குடியேற்றங்கள் இப்படி இல்லை. இரணைமடுக் குளத்து நீரை நம்பி உருவான உருத்திரபுரம், வட்டக்கச்சிப் பக்கம் போனால், வாய்க்கால் போகும் வழியே பாதையும் போகும். வாய்க்கால் எண்ணே டி8, டி10 என்று ஊரின் பெயராகிவிட்டது. ஒரு பாதை வெட்டுப்பட்டாலும் இன்னொன்றால் போகலாம். நகரத் திட்டமிடல் என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, தண்ணீர் எல்லா வயலுக்கும் போகவேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் காணிகளிலும் இப்போது சிக்கல். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த பெர்மிட் காணியைக் குறித்த அளவுக்குக் கீழே பிரிக்க முடியாது. பிள்ளைகள் நாலு பேர் என்றால் சனம் என்ன செய்யும்? வாய்ப்பேச்சில் பிரித்து, பின்வளவுக்குப் போக வேலியோரமாக ஒரு நடைபாதை விடுகிறார்கள். வரைபடத்தில் அப்படியொரு பாதை கிடையாது. அண்ணன் தம்பி முறுகினால் அடுத்த நாளே வேலிக் கதியால் நட்டு அந்தப் பாதையை மறித்துவிடுவார்கள்.

2018 டிசம்பர் வெள்ளத்தை வன்னியில் யாரும் மறந்திருக்க முடியாது. வாசலில் தண்ணீர் ஏறினால், ஒரே வழியுள்ள ஒழுங்கையில் இருப்பவர்கள் எந்தப் பக்கத்தால் வெளியே போவது?

கரைச்சிப் பிரதேச சபை காணிப் பிரிப்பு வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுக்கும்போது பாதையின் அகலத்தோடு அது எங்கே முடிகிறது என்பதையும் பார்க்கவேண்டும். ஒழுங்கை காணியின் எல்லைவரை போய், நாளை பக்கத்துக் காணி பிரிபடும்போது அதோடு சேரத்தக்கதாக இருக்கவேண்டும். விற்கிறவருக்கு அரைப் பரப்பு நட்டம் வரும்தான். அதை விலையில் ஏற்ற அவருக்குத் தெரியாதா என்ன! கள்ளர் பயம், மோட்டார் சைக்கிள் பெடியள் பறப்பார்கள் என்று வாங்குகிறவர்களும் முணுமுணுப்பார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. அப்படியான இடத்தில் நடந்தும் சைக்கிளிலும் போக ஆறடி விட்டு, வளைவுக் கம்பி போட்டு மறிக்கலாம். பரந்தன் பக்கத்தில் இன்னும் பிரிபடாத காணிகள் நிறைய இருக்கின்றன. அவற்றின் வரைபடங்கள் சபைக்கு வருமுன் இந்த விதியைத் தீர்மானமாக நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.