மலருக்கு, உன் போன் சார்ஜ் விஷயமாக

அன்புள்ள மலர்,

இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு நாளாகப் பார்த்தேன். ஒன்று, பேச்சு பாதியில் கட்டாகிறது. இல்லையென்றால், "சார்ஜ் இல்லப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை ராத்திரி, சரவணம்பட்டியில் பஸ் ஏறிவிட்டேன் என்று நீ சொன்னதோடு போன் அணைந்துவிட்டது. ஹாஸ்டலுக்குப் போய்ச் சார்ஜ் போட்டு நீ கூப்பிட்டபோது மணி பத்தரை. அதுவரை அம்மா வாசற்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. உன்மேல் தப்பில்லை ராசாத்தி. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத போன், ராத்திரி வரை தாங்க வேண்டாமா?

என்னுடையதும் அதே மாடல்தானே. சனிக்கிழமை வயலுக்குப் போனபோது வரப்பில் உட்கார்ந்து அதையே கவனித்தேன். மேல் மூலையில் 5ஜி என்று காட்டுகிறது, கொஞ்ச நேரத்தில் 4ஜி, மறுபடியும் 5ஜி. நான் எதையும் தொடவில்லை. சட்டைப்பையில் வைத்தால் நெஞ்சில் சுடுகிறது. மத்தியானம் வீடு திரும்புவதற்குள் பாதி சார்ஜ் காலி.

பஜாரில் போன் ரிப்பேர் பார்க்கும் தம்பியிடம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். நம் நாட்டில் 5ஜி வந்ததே 2022 அக்டோபரில்தான். அதற்குப் பெரும்பாலும் 3,300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலான அலைகள். வேகம் உண்டு, ஆனால் தூரம் போகாது, சுவரைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். சிக்னல் மங்கலாக இருக்கும் இடத்தில் போன் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும், எட்டாத டவருக்குக் கேட்க உரக்கக் கத்தவும் வேண்டும். சில கம்பெனிகளின் 5ஜி 4ஜியின் கையைப் பிடித்தபடியே ஓடுவதால், ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பேச வேண்டிய வேலை வேறு. பாவம், பேட்டரி என்ன செய்யும்!

அவர் சொன்னபடி 5ஜியை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. சூடு இல்லை, ராத்திரி படுக்கும்போதும் பாதிக்கு மேல் சார்ஜ் நிற்கிறது. நீயும் மாற்றிவிடு. செட்டிங்ஸில் 'கனெக்‌ஷன்ஸ்', அதற்குள் 'மொபைல் நெட்வொர்க்ஸ்', அதில் 'நெட்வொர்க் மோட்'. இப்போது 5ஜியில் தொடங்கும் வரி தேர்வாகி இருக்கும். அதற்குப் பதில் 'எல்டிஇ/3ஜி/2ஜி' என்ற வரியைத் தொடு. எல்டிஇ என்றால் 4ஜிதான். இரண்டு சிம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டும். உன் ரூம்மேட்டின் ஐபோனில் மொபைல் பகுதியில் 'வாய்ஸ் அண்ட் டேட்டா' என்று இருக்குமாம், அங்கே எல்டிஇ.

சார்ஜ் இன்னும் மிஞ்சுமே என்று 3ஜி, 2ஜிக்கு மட்டும் இறங்கிவிடாதே. வாட்ஸ்அப் கால் ஒழுங்காக வராது. உன் தம்பியிடமும் சொல், அவன் வைத்திருப்பது ஜியோ சிம். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையவே கிடையாது. அங்கே போனால் சாதாரண காலும் வராது.

ஒரு நஷ்டம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் பிளானில் 5ஜி டேட்டாவுக்கு அளவில்லை, 4ஜியில் தினம் 2 ஜிபிதான். ஹாஸ்டலில் வைஃபை இருக்கும்போது இது பெரிய விஷயமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பஸ்ஸில் வீடியோ பார்க்காவிட்டால் போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஏதாவது பெரிதாக டவுன்லோடு செய்ய வேண்டுமென்றால் அந்த நேரத்துக்கு மட்டும் 5ஜியைப் போட்டுக்கொள்.

மாற்றியதும், அன்றைக்கு ராத்திரி பஸ் ஏறும்போது எத்தனை சதவீதம் இருக்கிறதென்று அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போடு. வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா
கல்லிடைக்குறிச்சி