கோடு போடும் முன் ஸ்லைடைக் கேளுங்கள்

மேல்நிலைப் பள்ளி உயிரியல் செய்முறைத் தேர்வுக்கு வரும் தேர்வாளர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன்தான். காவிரி டெல்டாவில் ஓர் அரசுப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். தேர்வு சமயத்தில் வேறு பள்ளிகளுக்குத் தேர்வாளராகவும் போய் வருகிறேன். நாம் மதிப்பெண் போடும் விதத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

என் மாணவி ஒருத்தி தண்டுக்கீரைத் தண்டின் குறுக்குவெட்டை, நீரும் உணவும் கடத்தும் கற்றைகள் நடுவிலும் சிதறிக் கிடப்பதாக, ரெக்கார்டு நோட்டில் வரைந்திருந்தாள். வந்த தேர்வாளர் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார். "இருவித்திலைத் தண்டில் கற்றைகள் வளையமாகத்தான் இருக்கும். நீ வரைந்திருப்பது மக்காச்சோளம்" என்றார். பிள்ளை பதில் பேசவில்லை.

அவள் வரைந்தது சரி. கீரை இருவித்திலைத் தாவரம்தான். விதையைத் தூவினால் நாலைந்து நாளில் இரண்டிரண்டு இலையாக முளைத்துக் காட்டிவிடும். ஆனால் அதன் தண்டில், ஓரத்தில் உள்ள கற்றைகள் போக, நடுவே பித் என்ற மென்திசுப் பகுதியிலும் கற்றைகள் சிதறிக் கிடக்கும். கல்லூரித் தாவரவியலில் அசாதாரண அமைப்பு என்று நாம் எல்லோரும் படித்ததுதான் இது. பள்ளிப் புத்தகத்தில் இருப்பது கற்றைகள் வளையமாக உள்ள சூரியகாந்தியும், சிதறிக் கிடக்கும் மக்காச்சோளமும். அந்த இரண்டு படத்துக்கு வெளியே வரும் எதையும் நாம் பிழை என்று எடுத்துக்கொள்கிறோம்.

பூசணித் தண்டை வெட்டிய பிள்ளைக்கும் இதே கதிதான். அதில் நீர் கடத்தும் சைலத்துக்கு வெளிப்புறம், உட்புறம் இரண்டிலும் உணவு கடத்தும் ஃபுளோயம் இருக்கும், நடுவில் பொள்ளலாக இருக்கும். துளசியை வெட்டினால் வட்டமே வராது, சதுரம் வரும். நான்கு மூலையிலும் கோலன்கைமா என்ற தாங்கு திசு தடித்து நிற்கும். புத்தகப் படத்தை மனப்பாடம் செய்தவனுக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பில்லை.

அந்தப் பிள்ளைகள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இளந்தண்டை விரலிடுக்கில் பிடித்து, பிளேடை நனைத்து, தன் பக்கமாக ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். வாட்ச் கிளாஸ் தண்ணீரில் விழும் துண்டுகளில் பாதி தடிமன், பாதி சாய்வு. கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்று மிதக்கும் ஒன்றைப் பிரஷ்ஷால் எடுத்து, சஃப்ரனின் சாயத்தில் ஓரிரு நிமிடம் போட்டு, கழுவி, கிளிசரின் வைத்து, குமிழி வராமல் கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்க வேண்டும். அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் சைலம் சிவப்பாகப் பளிச்சென்று தெரியும்போது அவர்கள் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். முன்பே தயாரித்து வைத்த பெர்மனென்ட் ஸ்லைடை வைத்து "கண்டறிக, இரண்டு காரணம் எழுதுக" என்று கேட்பதில் இந்த உழைப்புக்கு இடமே இல்லை.

விலங்குகளின் தகவமைப்பிலும் இதுதான் நடக்கிறது. ஃபார்மலின் குப்பியில் வெளுத்துப்போன மாதிரியைக் காட்டி இரண்டு வரி எழுதச் சொல்கிறோம். எங்கள் ஊர்ச் சந்தையில் விரால் மீனைத் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு உயிரோடு விற்பார்கள். மற்ற மீன் அந்தத் தண்ணீரில் தாங்காது. விரால் அடிக்கடி மேலே வந்து வாயால் காற்றை வாங்கிக்கொண்டு போகும். செவுளுக்கு மேலே அதற்கென்று தனி அறை இருக்கிறது. மேலே வரவிடாமல் தடுத்தால், தண்ணீருக்குள்ளேயே இருந்தும் மூச்சுமுட்டிச் செத்துவிடும். இதைத் தொட்டியருகே நின்று பார்த்த பையன் எழுதிய பதிலில் கலைச்சொல் குறைவாக இருக்கும். அதற்காக அவனுக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். எதையும் அறுக்க வேண்டியதில்லை, கூர்ந்து பார்த்தால் போதும். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பல்லியின் பாதத்தை மறுபக்கத்திலிருந்து லென்ஸால் பார்க்கச் சொல்லுங்கள், அடியில் வரிவரியாக மடிப்புகள் தெரியும்.

வரும் தேர்வில் சில காரியங்களைச் செய்ய முடியுமா? புத்தகத்தில் இல்லாத படம் ரெக்கார்டில் இருந்தால், கோடு போடும் முன் எந்தச் செடி என்று கேளுங்கள். ஸ்லைடு இருந்தால் வாங்கி நீங்களே பாருங்கள். வெட்டு சாய்வாக வந்து, படமும் அப்படியே கோணலாக வந்திருந்தால், பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறான் என்று முழு மதிப்பெண் கொடுங்கள். தேர்வு நடத்தும் பள்ளியிடம் புதுப் பிளேடும் பறித்த தண்டும் வைக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கு இதில் பெரிய செலவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சக உயிரியல் ஆசிரியர்