போஸ்டரோடு நாலு வரி எழுத்தும் அனுப்புங்கள்

சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், முக்கியமாக வாட்ஸ்அப்பில் போஸ்டர் அனுப்பும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

இங்கு நடக்கும் தமிழ் நிகழ்ச்சிகள், வகுப்புகள், தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கத்துக் கடைகள் பற்றிய ஒரு சின்ன இணையத்தளத்தை நடத்தி வருகிறேன். பகலில் வேறு வேலை. இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் தளம். ஏப்ரல் வந்தால் தூக்கம் போய்விடும். தமிழ்மொழி விழா மாதம் என்பதால் உங்கள் எல்லாருடைய போஸ்டர்களும் ஒரே வாரத்தில் வந்து குவியும். ஒரே படம் நாலு குழுக்களிலிருந்து வரும், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மங்கலாக.

அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்து, கையால் தட்டச்சு செய்கிறேன். மஞ்சள் பின்னணியில் தங்க நிறத்தில் பேச்சாளர் பெயர். ஆதரவாளர் சின்னங்களுக்கு நடுவே எங்கேயோ நேரம். இப்படித்தான் ஒரு பட்டிமன்றத்துக்கு மாலை 6 என்பதை 5 என்று போட்டுவிட்டேன். ஒரு பாட்டி பேரனையும் கூட்டிக்கொண்டு உட்லண்ட்ஸிலிருந்து வந்து, பூட்டியிருந்த அரங்கின் வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தவறு என்னுடையதுதான். நாலு வரி எழுத்தாக வந்திருந்தால் வெட்டி ஒட்டியிருப்பேன்.

என் கண்ணைவிடத் தேடுபொறியின் கண் மோசம். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் நுட்பம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒரு பக்கம் எதைப் பற்றியது என்று அது பெரும்பாலும் தெரிந்துகொள்வது தலைப்பிலிருந்தும், பக்கத்தில் எழுதியிருப்பதிலிருந்தும், படத்துக்கு நாம் கொடுக்கும் விளக்கத்திலிருந்தும்தான். வாட்ஸ்அப் குழுவுக்குள் கிடப்பதோ அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே உங்கள் போஸ்டர் போய்ச் சேர்வது ஏற்கெனவே குழுவில் இருப்பவர்களிடம் மட்டும். போன மாதம் வேலைக்கு வந்து இறங்கியவரும், பிள்ளைக்குத் தமிழ்க் கதைநேரம் எங்கே நடக்கிறது என்று தேடும் தாயும் உங்களைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அரங்கில் எப்போதும் அதே முகங்கள்தான் என்று நீங்கள்தான் குறைப்படுகிறீர்கள்.

சிலர் எழுத்தாகவே அனுப்புகிறார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் பாதிக் கோப்புகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கின்றன. உங்கள் கணினியில் அழகான தமிழ். என் பக்கத்தில் ஏற்றினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடக்கும். அதைத் தமிழ் என்று எந்தத் தேடுபொறியும் ஒத்துக்கொள்ளாது. இத்தனைக்கும் தமிழ் இணையத்தில் ஏறியதில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது அதில் தமிழும் இருக்க உழைத்தவர் இங்குள்ள எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1997-இல் தமிழ்க் கணினி பற்றிய தமிழ்நெட் மாநாடு கூடியதும் இங்கேதான். எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு அன்று தமிழில் புழக்கத்துக்கு வரவில்லை, ஆளுக்கொரு குறியீடு. இன்று கைத்தொலைபேசியில் தட்டினாலே யூனிகோடுதான்.

எனக்கு அதிக வயிற்றெரிச்சல் தருவது இன்னொன்று. ஓர் அமைப்பு பல ஆண்டுகளாக நல்ல தளம் வைத்திருந்தது. பழைய கவியரங்கப் படங்கள், மலர்கள், உரைகள் எல்லாம் அதில் இருந்தன. பொருளாளர் மாறினார். தளப் பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல் பழையவருக்கே போய்க்கொண்டிருந்தது. வருடத்துக்குச் சில பத்து வெள்ளிக் கட்டணம் கட்டாமல் போய், பெயர் கைமாறியது. இப்போது அந்த முகவரியில் சூதாட்டத் தளம் ஓடுகிறது. இது தற்செயல் இல்லை. பல ஆண்டுகளாகப் பலர் இணைப்புக் கொடுத்து வந்த பெயருக்குத் தேடலில் ஒரு மதிப்பு இருக்கும். அந்த மதிப்புக்காகவே காலாவதியான பெயர்களைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். அப்படி வாங்கித் தேடலை ஏமாற்றுவதை 2024-இல் கூகல் தன் விதிகளில் குப்பை (ஸ்பேம்) என்றே சேர்த்தது. ஆனாலும் போனது போனதுதான். என் பழைய பக்கங்களிலிருந்து அந்த முகவரிக்குப் போன இணைப்புகளை இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அகற்றினேன்.

அதேபோல, ஆண்டு விழாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் புது முகவரியில் பக்கம் போட்டு, பழையதை அழிக்காதீர்கள். ஒரே முகவரியை வைத்துக்கொண்டு, மேலே இந்த ஆண்டு விவரம், கீழே போன ஆண்டுகளின் படங்கள் என்று சேர்த்துக்கொண்டே போனால், சேர்ந்த மதிப்பு அங்கேயே நிற்கும். அழித்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். "விளம்பரம் போட்டிருக்கிறீர்களே, நல்ல வருமானம் இருக்குமே" என்று பலர் கேட்கிறீர்கள். தளங்களில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகலின் ஆட்சென்ஸ் சேவை தமிழை ஏற்றுக்கொண்டதே 2018-இல்தான். அதில் விலை ஏலத்தில் முடிவாகிறது. தமிழ்ப் பக்கத்தில் தோன்ற ஏலம் கேட்கிறவர்கள் குறைவு. படிப்பவர்களும் அதிகம் இல்லை: 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. என் வருமானம் பல மாதங்களில் தள வாடகைக்குச் சரியாகப் போகும், சில மாதம் கையைக் கடிக்கும்.

ராசிபலனும் சினிமாச் செய்தியும் போட்டால் தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் வரும் என்று ஒருவர் யோசனை சொன்னார். செய்தும் பார்த்தேன், மறைக்கவில்லை. வருகையாளர் எண்ணிக்கை ஏறியது. அப்புறம் தேடல் வரிசை முறை ஒருமுறை மாறியதும் அந்தப் பக்கங்கள் எல்லாம் சரிந்தன. நின்றது எது தெரியுமா? தேக்காவில் பூக்கட்டும் சாமான் எங்கே கிடைக்கும் என்று எழுதிய பழைய பக்கம். அதை எழுத வேறு யாரும் இல்லை.

இடையில் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து என் விளம்பரங்களை உதவியாக நினைத்துத் தட்டாதீர்கள். நண்பர் ஒருவர் தினமும் எம்ஆர்டியில் வரும்போது எல்லா விளம்பரங்களையும் ஒருமுறை தட்டிவிடுவதாகப் பெருமையாகச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வேண்டுமென்றே தட்டுவது போலித் தட்டலாகவே கணக்காகும். அந்தக் காசு திரும்பப் பிடிக்கப்படும், கணக்கே முடக்கப்படலாம்.

உதவ நினைத்தால், விழா மலரில் கடைக்காரர்களிடம் அரைப்பக்க விளம்பரம் கேட்கிறீர்கள் அல்லவா, அதுபோல உங்கள் நிகழ்ச்சிக்கு என் தளத்தில் நேரடியாக ஒரு விளம்பரம் எடுங்கள். அதன்மேல் 'விளம்பரம்' என்று போடுவேன், இணைப்பில் காசு வாங்கியதற்கான குறியும் இருக்கும். "அந்த வார்த்தை வேண்டாம், கட்டுரை மாதிரியே இருக்கட்டும்" என்று மட்டும் கேட்காதீர்கள். சூதாட்டக்காரர்களும் அதையேதான் வாரம் ஒருமுறை எழுதிக் கேட்கிறார்கள்.

நிகழ்ச்சி அறிவிப்பு இலவசம்தான், எப்போதும் போல. பெயர், நாள், நேரம், இடம், கட்டணம் உண்டா இல்லையா, தொடர்புக்கு யார்: இவ்வளவும் எழுத்தில் வேண்டும். போஸ்டரையும் அனுப்புங்கள், அதைச் செய்தவர் பாடுபட்டிருப்பார். என் மின்னஞ்சல் முகவரி உங்கள் செயலாளரிடம் இருக்கும். செயலாளர் புதியவர் என்றால் பழையவரிடம் கேட்டு வாங்குங்கள். அப்படியே உங்கள் தளத்தின் கடவுச்சொல்லையும்.

அன்புடன்,
தட்டச்சு செய்து சலித்த ஒரு பதிப்பாளர்