பச்சை நகரத்துல நிழல் எங்கங்க?

உஸ்பெகிஸ்தான்ல ஷஹ்ரிசப்ஸ் பழைய ஊரைப் பாத்துக்கற பெரியவங்களுக்கு வணக்கம்.

நான் சமர்கந்துல டாக்டருக்குப் படிக்கற தமிழ்ப் பையன். லீவு விட்டா ஷேர் டாக்ஸி பிடிச்சு தக்தகராச்சா கணவாய் ஏறி இறங்கி உங்க ஊருக்கு வந்துருவேன் (வழியில தந்தூர் கறி திங்கறதுக்கும்தான், பொய் சொல்லல). போன வாரம் வந்தப்ப, மிச்சம் இருக்கற மண்வீட்டுச் சந்து ஒண்ணுல ரெண்டு பேர் டேப் வச்சு அளந்துட்டு இருந்தாங்க. எதுக்குனு கேட்டா சிரிச்சாங்க. அந்த சிரிப்புதான் இந்த மடலுக்குக் காரணம்.

2014, 15 வாக்குல ஊர் நடுவுல இருந்த மஹல்லாவ, அதான் ஜனங்க குடியிருந்த பழைய தெருக்கள, இடிச்சு பார்க் ஆக்கினத நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும். 2000-ல உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்த யுனெஸ்கோவே 2016-ல ஆபத்துல இருக்கற இடங்களோட லிஸ்ட்லயும் போட்டுச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தைமூர் ராஜா கட்டின அக் சராய் அரண்மனை வாசல்ல இருந்து கோக் கும்பஸ் மசூதி வரைக்கும் ஒரு கிலோமீட்டர் போல வருது, ஜூலை மத்தியானம் அத நீங்க யாராவது நடந்து பாத்திருக்கீங்களா? கல்லுப் பாதை, புல்வெளி, வெயில், அவ்வளவுதான். நடுவுல சிலையா நிக்கற தைமூருக்குப் பரவால்ல, அவர் வெண்கலம்.

அங்கதான் ஒரு போபோவ, அதான் ஒரு தாத்தாவ, பாத்தேன். ஒரு விளக்குக் கம்பத்துல இருந்து புல்லு மேல அடி எண்ணிக்கிட்டே நடந்தார். பதினாலாவது அடியில நின்னு, கைத்தடியால குத்திக் காட்டி, இங்கதான் எங்க தந்தூர் அடுப்பு இருந்துச்சுன்னார். அப்புறம் இடது பக்கம் நாலடி போய், இது மல்பெரி மரம்னார். ஒண்ணுமே இல்லாத இடத்துல அந்த மனுஷன் கொஞ்ச நேரம் நின்னார், மர நிழல்ல நிக்கற மாதிரியே. காவலாளி விசில் ஊதினதும் புல்லுல இருந்து இறங்கிட்டார்.

ஷஹ்ரிசப்ஸ்னா பச்சை நகரம். பழைய பேரு கெஷ், இந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு பாபரே எழுதி வச்சிருக்கார், வசந்தம் வந்தா வெளி மட்டும் இல்ல, ஊருக்குள்ள சுவரும் கூரையும் கூடப் பச்சையாயிடும்னு. கூரைங்க! மண்ணுக் கூரையில புல்லு முளைக்கும். அப்ப அந்தப் பேருல இருக்கற பச்சையில பாதி மண்ணு வீட்டோடது, நீங்க அத இடிச்சுட்டு கீழ புல்லு நட்டு குழாய்த் தண்ணி ஊத்தறீங்க.

மிச்சம் இருக்கற மஹல்லாவத் தொடாதீங்க, அவ்வளவுதான் கேக்கறேன்.

எங்க பலத்துல சந்தேகம் இருந்தா நாங்க கட்டினதப் பாருன்னு அக் சராய்ல எழுதியிருந்ததா கைடுங்க எல்லாம் சொல்றாங்க. 1404-ல ஸ்பெயின் தூதர் கிளாவிஹோ வந்தப்பகூட வேலை முடியலையாம், அவ்வளவு பெருசு, இன்னிக்கு மிஞ்சின 38 மீட்டர் தூணைப் பாக்கவே கழுத்து வலிக்குது. உங்க காலத்துக்கு வேற போர்டு எழுதணும் போல, நாங்க இடிச்சதப் பாருன்னு. எந்த ஊர்லயும் இதே கதைதான், ராஜா கட்டினது பாரம்பரியம், ஜனங்க குடியிருந்தது குப்பை. அந்த ராஜா கட்டினதச் சுத்தி ரொட்டி சுட்டு, தொப்பிக்கு எம்ப்ராய்டரி போட்டு, பிள்ளை வளத்த சந்துல்லாம் டூரிஸ்ட் பார்வைக்கு இடைஞ்சலா போச்சு. நாங்க டூரிஸ்ட்டுங்க யாரும் கேக்கலீங்களே, இப்படி வழிச்சு வைங்கன்னு!

மன்னிச்சுக்கோங்க, கொஞ்சம் குரல் ஒசந்துருச்சு. பணிவாவே திரும்பக் கேக்கறேன், மிச்சம் இருக்கற மஹல்லாவத் தொடாதீங்க. ஒழுகற கூரைய சரி பண்ண அந்த வீட்டுக்காரங்களுக்கே காசு குடுங்க, மண்ணு பூசற கை அந்தத் தெருவுலயே இருக்கு. முடிஞ்சா அந்த நடைபாதையில மல்பெரி நடுங்க, ஒண்ண அந்தக் கம்பத்துல இருந்து பதினாலடி நடந்து, இடது பக்கம் நாலடியில.

பரீட்சை முடிஞ்சு அடுத்த மாசம் வருவேன். அந்த டேப் எதுக்குன்னு அதுக்குள்ள யாராவது பதில் சொன்னா புண்ணியமா போகும்.

இப்படிக்கு,
சமர்கந்துல இருந்து ஒரு மாணவன்