மிங்கஸை எட்டு எட்டாக எண்ணாதே

அன்புள்ள முரளி,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்.

அமெரிக்க ஜாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி' ஆல்பத்தை முழுசாக, நடனமாக, 39 நிமிடமும் மேடையேற்றப் போகிறாய் என்று வாத்தியார் சொன்னார். உன் துணிச்சல் தெரிந்ததுதான், ஆனாலும் இது கொஞ்சம் ஓவர்டா! ஓரளவு பாலே நடனத்துக்காகவே அவர் எழுதிய இசைதான், ஒத்துக்கொள்கிறேன். பகுதிகளுக்கே 'சோலோ டான்சர்', 'குரூப் டான்சர்ஸ்' என்றெல்லாம் பெயர். ஆனால் 1963 ஜனவரி 20 அன்று நியூயார்க்கில் அந்தப் பதினொரு பேர் வாசித்தது, ஆடுகிறவர்களுக்காகக் காத்திருக்கிற இசை இல்லை.

முதலில், உன் பிள்ளைகளை எட்டு எட்டாகத் தட்டு எண்ணி ஆட விடாதே. எல்பி ரெக்கார்டின் இரண்டாம் பக்கம் முழுக்க ஓடும் அந்தப் பதினெட்டு நிமிடத்தில் வேகம் திரும்பத் திரும்ப ஏறும், பிறகு படக்கென்று நிதானத்துக்கு இறங்கும். நட்டுவாங்கத்தில் முதல் காலம், இரண்டாம் காலம் என்று கச்சிதமாக இரட்டிக்குமே, அப்படி இல்லை. வழுக்கிக்கொண்டே போகும். தட்டுக்கு ஓர் அடி என்று வைத்தால் பாதி வழியில் கால் ஓய்ந்துவிடும். வேகம் பிடித்ததும் இரண்டு தட்டுக்கு ஓர் அடிக்கு மாறச் சொல். நிதானம் திரும்பும் இடத்தில் யாரும் அந்தரத்தில் இருக்கக் கூடாது. பாரம் முன்கூட்டியே தரையில் இருந்தால்தான் உடம்பு நிற்கும். ஜே பெர்லினரின் கிதார் தனித்து ஒலிக்கும் இடங்கள்தான் மூச்சு வாங்கக் கிடைப்பவை. அங்கேயும் எதையாவது நிரப்பிவிடாதே.

எண்ணிக்கைக்குப் பதில் அடையாள ஒலிகளைப் பிடித்துக்கொள்ளட்டும். டான் பட்டர்ஃபீல்டின் டியூபாவும் (தாழ்ந்த ஸ்வரம் ஊதும் பெரிய பித்தளைக் குழல்) மிங்கஸின் பாஸும் அடியில் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் தரை. ஆனால் ஒத்திகைக்கு நீ தூக்கிக்கொண்டு அலையும் அந்தச் சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் இந்தத் தாழ்ந்த ஒலி அனேகமாக வரவே வராது. பிறகு 'கியூ கேட்கவில்லை சார்' என்பார்கள். தாழ்ந்த ஒலிக்கான வூஃபர் உள்ள பெரிய ஸ்பீக்கர் வேண்டும், மேடையில் இரு ஓரத்திலும் ஆடுகிறவர்கள் பக்கம் திருப்பிய மானிட்டர் ஸ்பீக்கர் வேண்டும். மொபைல் ஆப்பில் பாட்டின் வேகத்தைக் குறைத்துப் பயிற்சி கொடுக்காதே. க்வென்டின் ஜாக்சன் அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணத்தை டிராம்போன் வாயில் வைத்து மூடி மூடித் திறக்கிறாரே, அந்த உறுமலே குழைந்து வேறு ஏதோ ஆகிவிடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சார்லி மரியானோவின் ஆல்ட்டோ சாக்ஸபோன் தனிகள் சில, குழு வாசித்து முடித்த பிறகு நாடாவில் மேலே பதிக்கப்பட்டவை. அவர் வாசிக்கும்போது குழு அவருக்கு மறுமொழி சொல்வதில்லை. நடந்து முடிந்த ஒன்றின் மேல் நின்று அவர் அழுகிறார். ஆகவே ஆல்ட்டோவைப் பின்தொடரும் பெண்ணையும் டியூபாவைப் பின்தொடரும் கூட்டத்தையும் எந்த இடத்திலும் ஒரே தட்டில் சேர்க்காதே. அவர்கள் அவளைப் பார்க்கவும் வேண்டாம். இந்த ஒன்றை மட்டும் நீ விட்டுக்கொடுத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், முரளி.

அதே மரியானோதான் பிற்பாடு தென்னிந்தியாவுக்கு வந்து நாகஸ்வரம் கற்றார். நாகஸ்வரத்தின் சீவாளியை வாயில் பிடிப்பதற்கு முன்பே ஸ்வரத்தை இழுத்துக் குழைக்கும் அந்த வாய் அவரிடம் இருந்தது. உன் நாகஸ்வரக்கார மாமாவுக்குப் போட்டுக்காட்டி, எந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருகிறார் என்று எனக்கு எழுது.

ஒத்திகையை முதல் பகுதியில் தொடங்கு. டேனி ரிச்மண்டின் டிரம்ஸில் தொடங்கும் அந்த முதல் ஆறு நிமிடம் போதும். அது உட்காருவதற்கு முன் இரண்டாம் பக்கத்தைத் தொடாதே. வீடியோ எடுத்தால் மேலே பாட்டை ஒட்டாமல், மைக்கில் பதிந்த ஒலியோடு அப்படியே அனுப்பு, கால் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்.

உன்,
சேகர்