மேற்குச் சுவர்ப் பாத்தியும் பாக்கிச் சந்தாவும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் சார், பொருளாளர் அண்ணாச்சி, வந்திருக்கும் உறுப்பினர்கள், வராத உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வராதவர்களையும் சேர்த்துக்கொள்வதற்குக் காரணம், இந்த அறிக்கை நம் தோட்டச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் வரும். கூட்டத்துக்கு வரத்தான் நேரம் கிடைக்கவில்லை, படிக்கவாவது கிடைக்கட்டும்.

வழக்கமான சமாச்சாரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டம் பன்னிரண்டு நடக்க வேண்டும், ஒன்பது நடந்தது, அதில் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய ஆள் கணக்கு, இருந்தது நான்கில். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டுக்கும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்கு ஒரு நாள் போய் வந்தோம், வேனில் பதினெட்டு சீட்டு, போனது ஏழு பேர். நவராத்திரிக்கு மன்றத்தில் கொலு வைத்தவர்களுக்கு நம் தோட்டத்துப் பூ கொடுத்தோம். அவ்வளவுதான்.

இனி மேற்குச் சுவர். இதைப் பற்றி நான் அதிகம் எழுதுவேன் என்று உங்களுக்கே தெரியும். போன பொதுக்குழுவில் "செயலாளர் சங்கப் பணத்தில் செங்கல் அடுக்கி விளையாடுகிறார்" என்று ஒருவர் பேசினார், அதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

நம் தோட்டம் இருக்கும் இந்த மன்றத்தின் மேற்குச் சுவர் 42 அடி நீளம். நிழல் என்று ஒன்று அங்கே காலை பதினொன்று வரைக்கும்தான். அதற்கப்புறம் சூரியன் மறையும் வரை நேர் வெயில், இரவு எட்டு மணிக்குக் கை வைத்துப் பார்த்தாலும் சுவர் தோசைக்கல்லை இறக்கி வைத்த மாதிரி சுடும். இந்த இடத்தில்தான், பாத்தி கட்டுவதற்கு முந்தின வருடம், முப்பது ஓசூர் ரோஜா வாங்கி வைத்தார்கள். யார் முடிவு என்று நான் சொல்லப்போவதில்லை, அப்போது நான் செயலாளர் இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். ஓசூரின் குளிருக்கு வளர்ந்த ஒட்டு ரோஜாவை மதுரையில் மேற்குப் பார்த்த சுவரில் வைத்தால் என்ன ஆகும்? சித்திரை முடியும்போது முப்பது குச்சி நின்றது. ரோஜாதான் வேண்டும் என்றால் பன்னீர் ரோஜாவோ ஆந்திரா ரோஜாவோ வைத்திருக்கலாம், அவை நம் ஊர் வெயிலுக்கு ஓரளவு தாங்கும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சரி, 2024 பிப்ரவரி கடைசியில் அந்தக் குச்சிகளைப் பிடுங்கிவிட்டு, பழைய செங்கலை வைத்து ஒரு அடி உயரத்துக்குப் பாத்தி கட்டினோம். கட்டினோம் என்றால் நானும் வாட்ச்மேன் அண்ணனும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு, கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. பின்வரிசையில் அரளி, தங்க அரளி, மயில்கொன்றை. நடுவில் செம்பருத்தி, இட்லிப்பூ. முன்னால் நித்தியகல்யாணி, வாடாமல்லி, ஓரத்தில் டேபிள் ரோஸ். சுவரின் இரண்டு முனையிலும் காகிதப்பூ. தொட்டியில் பதினான்கு அடேனியம், பாலைவன ரோஜா என்பார்களே அது. காசு கொடுத்து வாங்கியது அடேனியமும் இட்லிப்பூவும் மட்டும், மற்றதெல்லாம் குச்சியும் விதையும், உங்கள் வீடுகளில் கேட்டு வாங்கியதுதான். அரளி எதற்கு என்று கேட்டார்கள். நான்குவழிச் சாலையின் நடுவில் தார்ச் சூட்டிலும் லாரிப் புகையிலும் அது பூத்து நிற்பதைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். ஆடும் அதைத் தொடாது, செம்பருத்தியை விட்டுவைக்காத நம் தெரு ஆடுகள்கூட. செடி முழுக்க விஷம் என்பது உண்மைதான், அதனால்தான் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பின்வரிசை.

தண்ணீர் முறை போட்டோம். பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். அழகர் ஆற்றில் இறங்கிய ஏப்ரல் 23 அன்று யாரும் வரவில்லை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நானே கோரிப்பாளையத்தில்தான் நின்றேன். ஆனால் மே 4-இல் கத்திரி தொடங்கியது, அதற்கு முன்பே வெயில் 104 டிகிரியைத் தாண்டிவிட்டது. முறைப் பட்டியலில் இருந்தவர்களில் மூன்று பேர்தான் கண்ணில் பட்டார்கள். மீதிப் பேரில் ஒருவர், அவர் முறை வந்த அன்று, கொடைக்கானல் மலர்க் கண்காட்சியில் டேலியா பக்கத்தில் நின்று ஸ்டேட்டஸ் போட்டிருந்தார். நானும் பார்த்தேன். டேலியா அழகாகத்தான் இருந்தது.

ஆகக் கத்திரி முழுக்கக் காலை ஆறு மணிக்குப் பைப்பைப் பிடித்தது பெரும்பாலும் இந்தக் கைதான். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், முறைக்கு வரும் மூன்று பேருக்காவது உதவும். சாயங்காலம் ஊற்றுவதானால் பைப்பைத் திறந்ததும் செடிக்கு நீட்டாதீர்கள். நாள் முழுக்க வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதல் ஒரு வாளித் தண்ணீர் குளிக்கப் போட்ட வெந்நீர் மாதிரி வரும். அதை வாளியில் பிடித்து ஓரமாக வைத்துவிட்டு, விரலில் சில்லென்று பட்ட பிறகு ஊற்றுங்கள். அப்புறம், தினமும் மேலே தெளித்துவிட்டுப் போவதைவிட இரண்டு நாளைக்கு ஒரு தடவை அடிமண் நனைய ஊற்றுவது மேல். மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே சுற்றும், அந்த வேர்தான் மதியம் வெந்து போகும்.

மூடாக்கு, அதாவது ஈரம் காயாமல் மண் மேல் பரப்பும் சருகு சக்கை, அந்த விஷயத்தில் என் மேலும் ஒரு தப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. மாட்டுத்தாவணிப் பக்கம் கரும்புச் சாறு கடையில் சக்கை சும்மா கிடைக்கிறதே என்று இரண்டு மூட்டை கொண்டுவந்து காயவைக்காமல் அப்படியே பரப்பினேன். இனிப்புக்கு எறும்பு வந்தது. எறும்பு வந்தால் பின்னாலேயே மாவுப்பூச்சி வரும், அது சுரக்கும் தேனைக் குடிக்க எறும்புதான் அதைக் கிளைக்குக் கிளை காவல் காத்து வளர்க்கும். பத்து நாளில் செம்பருத்தி நுனியெல்லாம் அரிசி மாவைத் தட்டிவிட்ட மாதிரி வெள்ளை. மோசமான நுனிகளை வெட்டி எரித்தோம். மீதியைப் பைப்பில் பீய்ச்சிக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து வாரம் ஒரு தடவை மூன்று வாரம் அடித்தோம். இப்போது சக்கை போட்டாலும் மொட்டை மாடியில் நான்கு நாள் காயவைத்த பிறகுதான். தென்னை மட்டைத் துண்டு இன்னும் நல்லது.

வந்த புகார்களில் முக்கியமானது டேபிள் ரோஸ் பற்றி. "ஆறு மாதமாக ஒரு பூ பார்க்கவில்லை, அதற்கு எதற்குத் தண்ணீர்" என்று ஓர் உறுப்பினர் எழுத்துப்பூர்வமாகவே கொடுத்தார். அவர் காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பி இரவு ஏழுக்கு வருகிறவர். டேபிள் ரோஸ் நன்றாக வெயில் ஏறி ஒன்பதரை, பத்துக்கு விரியும், மதியம் தாண்டினால் மூடிக்கொள்ளும், மேகமூட்டமாக இருந்தால் அதுவும் இல்லை. சும்மாவா பத்து மணிப்பூ என்று பெயர் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்று பதில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை அவர் பதினொன்றுக்குத்தான் எழுந்திருப்பாராம், அப்படியானாலும் ஒரு மணி நேரம் பூ இருக்கும்.

காகிதப்பூவுக்கு எதிர்ப்பக்கப் பிரச்சினை. கடைசி வீட்டு டீச்சரம்மா பாசத்தில் தினமும் அதற்கு ஒரு குடம் ஊற்றிவந்தார்கள். சுவர் உயரத்துக்குக் கொடி, பச்சைப் பசேல் என்று இலை, ஒரு பூ இல்லை. அது காய்ந்தால்தான் பூக்கும் ஜாதி. தை பிறந்ததும் இரண்டு வாரம் தண்ணீரை நிறுத்தச் சொன்னேன், "வாடுது தம்பி, பாவம்" என்று தினமும் போன் வந்தது. மாசியில் இலையே தெரியாமல் பூத்தது. இதில் நாம் பூ என்று சொல்லும் ரோஸ் கலர் தாள் பூவே இல்லை, நடுவில் குண்டூசித் தலை மாதிரி வெள்ளையாக இருப்பதுதான் பூ. இதைச் சொன்னதிலிருந்து டீச்சரம்மா என்னிடம் கொஞ்சம் விலகியே பேசுகிறார்கள்.

அக்டோபர் 25. அன்று மதியத்துக்கு மேல் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள், செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. நம் மன்றத்து வளாகத்தில் முழங்காலுக்குக் கீழே நின்றது, மறுநாள் சாயங்காலம்தான் வடிந்தது. செங்கல் பாத்திக்குள் தண்ணீர் நிற்கவில்லை. நித்தியகல்யாணிக்கு வெயில் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். தரையோடு தரையாக வைத்திருந்தால் அந்த வரிசையே போயிருக்கும். வடக்குப் பக்கம் தரையில் வைத்த பதினொன்றில் எட்டு போனது, யாரும் போய்ப் பார்க்கலாம். செங்கல் கணக்குக் கேட்டவருக்கு இதுதான் கணக்கு.

ஆனால் அடேனியம் போனது என் யோசனையால்தான். தண்ணீர் மிச்சம் என்று தொட்டிக்குக் கீழே பிளாஸ்டிக் தட்டு வைத்தேன், கோடையில் சரி, மழைக்கு முன்னால் எடுக்க மறந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து அடித்தண்டைக் கட்டை விரலால் அமுக்கினால் கனிந்த கொய்யா மாதிரி உள்ளே போகிறது. பதினான்கில் ஒன்பது. அழுகலைக் கத்தியால் சீவி, மஞ்சள் தூள் தடவி, நிழலில் ஒரு வாரம் காயவைத்து மூன்றை மறுபடி நட்டேன், இரண்டு பிழைத்தது. தட்டுகள் இப்போது ஸ்டோர் ரூமில் இருக்கின்றன, யாருக்கும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூலையில் முன்பிருந்தே நிற்கும் ஆறு குண்டுமல்லி, தங்கச்சிமடத்துப் பதியன். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்த ஊரில் இருந்துகொண்டு நம் ஆறு செடியும் பூக்காமல் நின்றால் கேவலம் என்று நவம்பர் கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்தேன். "செயலாளர் செடியை மொட்டையடித்துவிட்டார்" என்று குழுவில் போட்டோவோடு வந்தது, நாற்பது பேர் கருத்துச் சொன்னார்கள். மாதக் கூட்டத்துக்கு அந்த நாற்பதில் பாதி வந்திருந்தாலே கோரம். நம் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் இலை மஞ்சளடித்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது, இட்லிப்பூவிலும் அப்படியே, இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேர் எடுக்க முடியாத கோளாறு. அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து வெயில் தாழ்ந்து தெளித்தோம், சரியானது. சுவரில் துருக் கறை பட்டதாக மன்றப் பொறுப்பாளர் சொன்னார், பட்டது உண்மை, சுண்ணாம்பு அடித்துக் கொடுத்துவிட்டேன்.

மார்ச்சில் மொட்டு வந்தது. கொத்துக் கொத்தாக. விடிவதற்குள் காணாமல் போகிறது. பொங்கல் சமயத்தில் கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும்போது யாராவது பறித்திருந்தால்கூடப் புரிந்துகொள்ளலாம், பூ மலிந்து கிடக்கிற பங்குனியில் எதற்கு? எந்த வீட்டு சாமி படத்தில் அந்தச் சரம் தொங்குகிறது என்று எனக்குத் தெரியும், எழுதவில்லை. அந்த வீட்டுச் சந்தாவும் இரண்டு வருடமாக வரவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

சந்தா. வருடத்துக்கு முந்நூறு ரூபாய், மாதம் இருபத்தைந்து, இரண்டு டீ. உறுப்பினர் 52. முழுசாகக் கட்டியவர்கள் 23. "ஜிபே பண்ணிடறேன் அண்ணே" என்றவர்கள் 11, அந்த வார்த்தை போன ஆடியில் சொன்னது. மீதிப் பேரிடம் கேட்கப் போனால் கேட்டில் நாய்தான் பேசுகிறது. வரவு செலவைப் பொருளாளர் அண்ணாச்சி நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். சுருக்கமாக, ஏறக்குறைய சரிக்குச் சரி, கொஞ்சம் துண்டு விழுந்தது. உரமும் வேப்பெண்ணெயும் போன வருடத்தைவிடக் கூடுதல், வேன் காலி சீட்டுக்கும் வாடகை கொடுத்தோம். துண்டு யார் பையிலிருந்து போனது என்று அண்ணாச்சிக்குத் தெரியும், அதைத் திருப்பிக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை, இப்போதைக்கு.

மன்ற நிர்வாகத்துக்கு நன்றி. குச்சி கொடுத்த வீடுகளுக்கு நன்றி. வாட்ச்மேன் அண்ணன் சங்கத்தில் உறுப்பினரே இல்லை, அவருக்குத்தான் அதிகம் நன்றி. முறை தவறாத மூவருக்கும் நன்றி, அவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும்.

அடுத்த வருடம் நான் இந்தப் பொறுப்பில் நிற்பதாக இல்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். முதுகுவலி வேறு. இளைஞர்கள் யாராவது வந்தால் சந்தோஷமாக ஒப்படைப்பேன், இன்றே பெயர் கொடுக்கலாம், பேனா இங்கே மேஜையில் இருக்கிறது. ஒருவேளை யாரும் கொடுக்கவில்லை என்றால், தெற்குச் சுவரும் காலியாகத்தான் கிடக்கிறது, அங்கேயும் இதே மாதிரி ஒரு பாத்தி போட முந்நூறு செங்கலும் இன்னொரு குழாயும் வேண்டும். பாக்கிச் சந்தாவில் பாதி வந்தாலே அது முடியும். இந்த வருடக் கத்திரிக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. குழாய்ப் பூட்டின் சாவி என் வீட்டு வாசல் ஆணியில் தொங்குகிறது, காலை ஆறு மணிக்கு யார் வந்து எடுத்தாலும் சரி.

இப்படிக்கு,
செயலாளர்

பி.கு.: சங்கத்தின் கவாத்துக் கத்தரியை ஆவணியில் "ஒரு மணி நேரத்தில் தருகிறேன்" என்று வாங்கிப் போனவர், சிவப்புக் கைப்பிடி, தயவுசெய்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிடவும். கேள்வி கேட்க மாட்டோம்.