அண்ணன் கையெழுத்தை அண்ணனே போடட்டும்

அன்புள்ள மகளுக்கு,

அண்ணனுக்கு உன்னைச் சட்டப்படி பாதுகாவலராக்கக் கேட்டு நீ அனுப்பிய மனு வந்து சேர்ந்தது. அப்பாவும் நானும் நிதானமாகப் படித்தோம். எங்களுக்குப் பிறகு அண்ணனை யார் பார்த்துக்கொள்வது என்ற பொறுப்பை யாரும் கேட்காமலே நீயாக ஏற்றுக்கொண்டிருக்கிறாய். அதை நினைத்தால் மனசு நிறைந்துபோகிறது. ஆனால் அந்தத் தாளில் நாங்கள் கையெழுத்துப் போடப் போவதில்லை, மா. போனில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே குரல் உடைந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

மனுவின் இரண்டாம் பக்கத்தைக் கவனித்தாயா? சொத்து, வங்கிக் கணக்கு, மருத்துவம், குடியிருக்கும் இடம், திருமணம் என்று வரிசையாகக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் டிக் போட்டால், அந்த விஷயத்தில் அண்ணன் வாயைத் திறந்து என்ன சொன்னாலும் சட்டப்படி அது செல்லாது. உன் சொல்தான் செல்லும். அறிவுசார் குறைபாடு இருப்பதால் அவனுக்குக் கணக்கு வராது, நீளமான வாக்கியம் புரியாது, புது இடம் என்றால் பழகுவதற்கு நாளாகும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்தக் காரணத்துக்காக, எங்கே குடியிருக்க வேண்டும், யாரைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் உரிமையையே அவனிடமிருந்து எடுத்துவிடுவது எந்த விதத்தில் சரி?

இதை நான் பாசத்தில் மட்டும் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 2006 டிசம்பரில் ஏற்றது. 2008 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 12-வது பிரிவை மட்டுமாவது நீ பொறுமையாக உட்கார்ந்து படிக்க வேண்டும். வாழ்க்கையின் எல்லா விஷயங்களிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களுக்கு இணையான சட்டத் தகுதி உண்டு, அதாவது அவர்கள் எடுக்கும் முடிவும் சட்டப்படி செல்லும் என்கிறது அது. அந்தத் தகுதியைப் பயன்படுத்த உதவி தேவைப்பட்டால் அதைக் கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்றும் சொல்கிறது. சொத்து வைத்திருப்பதும், வாரிசாக இருப்பதும், தன் பணத்தைத் தானே கையாள்வதும் அதில் தனியாகவே எழுதப்பட்டிருக்கின்றன.

2014-ல் இந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு இன்னும் தெளிவாகச் சொன்னது. ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் முடிவெடுக்கும் முறையை நாடுகள் கைவிட வேண்டும், அவரே முடிவெடுக்கத் துணை நிற்கும் முறைக்கு மாற வேண்டும். எவ்வளவு முயன்றும் ஒருவரின் விருப்பத்தைத் தெரிந்துகொள்ள முடியவில்லை என்றால்கூட, ‘அவருக்கு எது நல்லது’ என்று நம் கணக்கைப் போடக் கூடாதாம். அவர் இதுவரை எப்படி வாழ்ந்தார், எதை விரும்பினார் என்பதிலிருந்துதான் பார்க்க வேண்டும். இது நடைமுறைக்கு ஒத்துவராத கனவு என்று நினைக்காதே. பெரு 2018-லும், கொலம்பியா 2019-லும் இந்த வழியில் தங்கள் சட்டங்களையே மாற்றி எழுதின. பல நாடுகள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. அதனால்தானே உனக்கும் இப்படியொரு மனு கையில் கிடைத்தது.

ராபர்ட் மார்ட்டின் என்று ஒருவர் இருந்தார், நியூசிலாந்துக்காரர். அறிவுசார் குறைபாடு உள்ளவர் என்பதால் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே விடுதியில் சேர்க்கப்பட்டு, பிள்ளைப்பருவத்தின் பெரும்பகுதியை விடுதிகளிலேயே கழித்தார். பெரியவரானதும், தன்னைப் போன்றவர்களுக்காகக் குரல் கொடுக்க ஆரம்பித்தார். அந்த உடன்படிக்கை உருவானபோது ஐ.நா.வில் போய்ப் பேசியவர்களில் அவரும் ஒருவர். 2016-ல் அதைக் கண்காணிக்கும் குழுவுக்கே உறுப்பினராகத் தேர்வானார். இந்தக் குறைபாடு உள்ள ஒருவர் அப்படித் தேர்வானது அதுவே முதல் முறை. ‘இவனுக்கு ஒன்றும் வராது’ என்று பூட்டி வைத்த ஒருவர், எத்தனையோ அரசுகளைக் கேள்வி கேட்கும் இடத்தில் போய் உட்கார்ந்தார். பேச்சு வேகமாகப் போனால் அவருக்குப் புரிய நேரம் வேண்டும், ஆவணங்கள் எளிய மொழியில் வேண்டும். சரி, அவருக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான்.

அந்த எளிய வடிவத்தைத்தான் அண்ணனுக்காகவும் எல்லா இடத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு வாக்கியத்தில் ஒரே செய்தி, பெரிய எழுத்து, பக்கத்தில் அதை விளக்கும் ஒரு படம். எழுதி முடித்ததும், அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். செலவும் பெரிதாக ஆகாது. ஆனால் கேட்டால், “அவருக்கு எதுக்கும்மா, நீங்க படிச்சாப் போதாதா?” என்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றும் கோபம் வரும்.

போன வருஷம் நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. அண்ணன் இரவெல்லாம் தலையைச் சுவரில் இடித்துக்கொண்டான். கூட்டிப்போனோம். மருத்துவர் அவன் பக்கமே திரும்பாமல் என்னிடம், “இவர்களுக்கு இதெல்லாம் சகஜம்தான்” என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுநாள் வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் நாற்காலியை அண்ணன் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு காகிதத்தில் முகம் வரைந்து, “எங்கே வலிக்குது, தொட்டுக் காட்டுங்க” என்றார். அண்ணன் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பேச வாயெடுத்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கடைசியில் வரைந்திருந்த காதின் மேல் விரலை வைத்தான். உள்ளே சீழ் கட்டியிருந்தது. எந்த நோவு வந்தாலும் அதைக் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடுவதால், இவர்களுக்குச் சரியான சிகிச்சை தாமதமாகிறது. மற்றவர்களை விட இவர்கள் சீக்கிரம் இறந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பல நாடுகளில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அவனைக் கேட்பது மரியாதைக்காக மட்டும் இல்லை, மா. உயிர் சம்பந்தப்பட்டது.

“அவனை யாராவது ஏமாற்றிவிட்டால்?” என்று நீ கேட்டாய். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது, நாளைக்கும் இருக்கும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். எந்தச் சட்டை என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் நாமே சொல்லி வளர்த்துவிட்டால், வெளியாள் ஒருவர் வந்து ‘இதில் கையெழுத்துப் போடு’, ‘என்னோடு வா’ என்று சொல்லும்போது ‘மாட்டேன்’ என்று சொல்ல அவன் எங்கே கற்றுக்கொள்வான்? வீட்டில் நம்மிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பழகியவன்தான் வெளியிலும் சொல்வான். சில சமயம் அவன் தவறாகவும் தேர்ந்தெடுப்பான். நீயும் வேண்டாத போன் ஒன்றை வாங்கிவிட்டு வருத்தப்பட்டவள்தானே. அதற்காக உன் கணக்கை யாரும் முடக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. எங்கள் வீட்டுக்கு நீங்கள் இருவரும் வாரிசு. அந்த மனு நிறைவேறினால் அவன் பங்குக்கும் நீயே அதிகாரி. உன் மேல் எனக்குத் துளி சந்தேகம் கிடையாது. ஆனால் உதவி செய்பவருக்கும் உதவி பெறுபவருக்கும் நடுவே ஆதாயம் குறுக்கிடக் கூடாது, அந்த ஏற்பாட்டைச் சுதந்திரமான ஓர் அமைப்பு அவ்வப்போது பரிசீலிக்க வேண்டும் என்று அதே 12-வது பிரிவு சொல்கிறது. நல்ல மனசை நம்பி மட்டும் இந்த ஏற்பாட்டைச் செய்யக் கூடாது. நாளைக்கு உனக்கே முடியாமல் போனால், அந்த அதிகாரம் யார் கைக்குப் போகும் என்பதும் நமக்குத் தெரியாது.

வங்கியில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். கவுன்டரில் அவன் முன்னால் நிற்பான், நான் ஒரு அடி பின்னால். ஊழியர் என்னைப் பார்த்துக் கேட்டால் நான் அண்ணனைப் பார்ப்பேன். அவருக்கும் புரிந்துவிடும். எவ்வளவு எடுக்க வேண்டும் என்று அவன் முதல் நாளே ஒரு அட்டையில் எழுதி வைத்திருப்பான். கையெழுத்துப் போட நேரமாகும், வரிசையில் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. பெரிய தொகையாக இருந்தால் இருவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுப்பது என்று அவனாகவே ஒரு விதி வைத்திருக்கிறான். அந்த இருவர் யார் என்பதும் அவன் முடிவுதான்.

இப்போது அதையே எழுத்தில் கொண்டுவரப் போகிறோம். எந்த விஷயத்துக்கு யாரிடம் உதவி கேட்பான், யாரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, பிடிக்கவில்லை என்றால் ஆளை எப்படி மாற்றுவது என்று ஒரு ஒப்பந்தம். ஒரு வழக்கறிஞர் எளிய மொழியில் எழுதித் தருகிறார். அண்ணன் ஒவ்வொரு பக்கத்திலும் புகைப்படம் ஒட்டிக்கொண்டிருக்கிறான். மருத்துவம் என்ற பக்கத்தில் உன் படம் இருக்கிறது. பணம் என்ற பக்கத்தில் உன் படத்தை ஒட்டவில்லை, தன்னோடு வேலை பார்க்கும் நண்பனின் படத்தை ஒட்டியிருக்கிறான். ஏன் என்று நான் கேட்டேன். “அவகிட்டயே சொல்றேன்” என்றான்.

அதனால் அடுத்த முறை எனக்குப் போன் செய்யாதே, அவனுக்குச் செய். ஏழு மணிக்கு மேல் வேலையிலிருந்து வந்திருப்பான். கேள்வியை ஒவ்வொன்றாகக் கேள், பதில் வரும்வரை பொறு. மருத்துவப் பக்கத்தில் இருக்க உனக்குச் சம்மதமா என்று அவனிடம் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் மாதக் கடைசிக்குள் கேட்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா